அரசியை நிற்க வைத்தவன்

எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. ஒரு பையோடு சுவிசில் லோசான் நகரத்துக்கு வந்து கோப்பை கழுவியவன், பதினாறு பேருக்கு வேலை கொடுக்கும் துப்புரவுக் கம்பனி நடத்தினேன். பக்கத்து ரெனானில் வீடு வாங்கி, குளியலறைக்கு ஓடு பதித்ததும் நானே. கோயிலுக்குக் கழற்றிப் பூட்டும் தேர் செய்தேன். படித்தவர்கள் சரிவராது என்றார்கள். இன்றும் ஓடுகிறது. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று: ஓர் அரசியைப் பதினொரு வருடம் நிற்க வைத்தவன் நான்.

அவருடைய நாடு இப்போது குடியரசு. துரத்தப்பட்ட அரசர் ஏரிக்கு மேலே உள்ள ஒரு வீட்டில் செத்துப்போனார். அவரைக் கட்டியதால் அரசியானவர் அங்கேயே தனியாக இருந்தார். சன்னல் துடைக்கப் போன என் கைக்குக் குழாயும் தோட்டமும் வந்து சேர்ந்தன. அரசி முட்டையைத் தானே அவிப்பார், காலுறை ஓட்டையைத் தானே தைப்பார். ஆனால் வருடாவருடம் அரசருக்கு முடிசூட்டிய நாள் வந்தால் பழைய பிரபுக்கள் வரிசையாக வருவார்கள். அரசரின் மனைவி நின்றுதான் வரவேற்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மூன்று மணித்தியாலம்.

அரசிக்கு முழங்கால் போய்விட்டது. நிற்கக் கூடாது என்றார் வைத்தியர். நிகழ்ச்சியை நிறுத்துவோம் என்றார் அவருடைய செயலாளர்.

“ஆண்டது அவர். என் வேலை பக்கத்தில் நிற்பது. அதையும் விட்டால் நான் யார்?” என்று அரசி கேட்டார்.

அங்கே குழாய் திருத்திக்கொண்டு நின்ற நான் சொன்னேன்: “ஒரு கிழமை தாருங்கள், மதாம்.”

எங்கள் ஊரில் அம்மனை வாகனத்தில் ஏற்றுமுன் ஐயர் சிலையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே பட்டும் மாலையும் சாத்துவார். எத்தனை பேர் தோளில் குலுக்கினாலும் அம்மன் அசையாது. கட்டு ஒருவருக்கும் தெரியாது. கயிறு எடுத்துக் கொடுத்தவன் நான். அதே யோசனைதான். பாரமான பலகையில் இரும்புக் குழாயை நட்டு, உச்சியில், இருந்தாலும் நிற்பது போலத் தெரியும் உயரத்தில், சைக்கிள் சீற் பூட்டினேன். இடுப்புக்கு ஒரு பட்டி. நிலம் தொடும் அங்கி எல்லாவற்றையும் மூடியது.

ஏறி இருந்து பார்த்த அரசி, “மிதிக்க வேண்டுமா, மிஸ்யூ?” என்று கேட்டார். அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

“நான் இருக்கும்வரை சொல்லாதீர்கள்” என்றார். சொல்லவில்லை. அவர் இறந்த பிறகும் வாயை மூடித்தான் இருந்தேன்.

இப்போது செயலாளர் அரசியின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். மகள் வாசித்துச் சொன்னாள். “மன உறுதி ஒன்றினாலேயே மூன்று மணித்தியாலம் நின்றார்” என்று அரசி நிற்கும் படத்தின் கீழே இருக்கிறதாம். மன உறுதியா? ஒவ்வொரு வருடமும் அந்தப் பட்டியின் மறு நுனியைப் பிடித்து இழுத்தவரே இந்தச் செயலாளர்தான். தொலைபேசி எடுத்துக் கேட்டேன்.

“ஒரு கதிரையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?” என்றார்.

கதிரையாம். அது இல்லாவிட்டால் அவருக்கு எழுத அந்தப் பக்கமே இல்லை.

நான் கத்தின கத்தலில் மனைவி குசினியில் சமையலை விட்டுவிட்டு வந்தாள்.

“ஏனப்பா கத்திறியள்? அங்கியின்ரை பின்பக்கத்தைப் பிரிச்சுக் கொக்கி வைச்சுத் தைச்சது ஆர்? பதினொரு வருசத்திலை ஒருக்காலெண்டாலும் என்ரை பேரைச் சொன்னனீங்களோ?”

“உன்னைத்தான் ‘மனிசி தைச்சவ’ எண்டு அரசிக்குச் சொன்னனான்.”

“மனிசிக்குப் பேர் இல்லையோ? அளவெடுக்கப் போன அண்டைக்கே அவ என்ரை பேரைக் கேட்டு எழுதி வைச்சவ. நீங்கள்தான் இப்பவும் மனிசி எண்டுறியள்.”

ஆனாலும் செயலாளர் மேல் ஆத்திரம் குறையவில்லை.

புத்தகத்தை மறுபடி அச்சிடப் போகிறார்களாம். செயலாளருக்குச் சொல்கிறேன்: அரசி நின்றது உண்மை, அந்த வரியை நீர் வெட்ட வேண்டாம். அதன் கீழே, தாங்கியைச் செய்தவன் பெயரைத் தகப்பன் பெயரோடு முழுதாகப் போடும். அங்கியைத் தைத்தவள் பெயரையும் போடும். இன்னாரின் மனைவி என்று போடக்கூடாது. அவளுடைய பெயர்.