மீசையை எடுத்துவிட்டுப் போனவன்

அந்தக் காலத்துச் சலூனை நினைத்தால் சலூன்காரருக்கு இன்றைக்கும் முகம் மலர்ந்துவிடும். சாலை முக்கில் ஒற்றைக் கதவுக் கடை. எதிரெதிரே இரண்டு கண்ணாடிகள். நடுவில் உட்கார்ந்தால் தலைக்குப் பின்னால் தலையாக ஒரு ஊரே வரிசையில் நிற்பது போல இருக்கும். மூலையில் நாள் முழுக்கப் பாடும் ரேடியோ. பக்கத்துக் கடைத் தையல்காரர், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கழுத்தில் டேப்போடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். முடி வெட்ட வந்தவர்களைவிட வாயடிக்க வந்தவர்கள்தான் அதிகம்.

சலூன்காரரின் தம்பிக்கு ஹாரன் என்று பட்டப்பெயர் வைத்ததும் அந்தப் பெஞ்சுதான். சின்ன வயதில் வாயாலேயே லாரி ஹாரன் அடித்துக்கொண்டு தெருவைச் சுற்றுவான். சைக்கிளில் போகிறவர்கள் நிஜமாகவே ஒதுங்கி வழிவிடுவார்கள். அப்பா இரண்டு பிள்ளைகளுக்கும் தொழிலைக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். பெரியவனுக்குக் கை படிந்தது. ஹாரனுக்கு இன்னொருவர் கழுத்தில் கத்தியை வைப்பதென்றாலே கை வெடவெடவென்று நடுங்கும். "இவன்கிட்ட உக்காந்தா முடி போகாது, தலைதான் போகும்" என்று அப்பா சிரித்துக்கொண்டே கைகழுவிவிட்டார்.

வளர்ந்து ஓட்டுநரானான். அரசு ஆஸ்பத்திரியில் பிணவறை வண்டி. பயமாக இல்லையா என்று கேட்டால், "பின்னாடி இருக்கிறவங்க யாரும் மெதுவா போன்னு சொல்றதில்லண்ணே" என்பான். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு வந்து நாற்காலியில் சாய்ந்துகொள்வான். அடர்த்தியான மீசை அவனுக்கு. அண்ணன் அதை ஒதுக்கிவிட, தம்பி வாரம் முழுக்க நடந்த கதையைச் சொல்ல, உள்ளே வீட்டிலிருந்து அம்மா, "மீசையா வளர்க்கிறீங்க, தோட்டமா?" என்று குரல் கொடுப்பாள்.

அப்போதுதான் மில்லில் வேலைநிறுத்தம் வந்தது. ஷிஃப்ட் நேரத்தில் கதவுகளை வெளியிலிருந்து பூட்டாதீர்கள் என்று கேட்டுத் தொழிலாளர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. நெரிசலில் மிதிபட்டுச் சிலர் இறந்துபோனதாக அன்று மாலை ரேடியோவில் சொன்னார்கள். ஊர் உச்சுக்கொட்டிவிட்டு அடங்கியது. ஹாரன் அந்த வாரம் மீசையை ஒதுக்க வரவில்லை.

வந்தது ஒரு வேலைநாள் காலையில்.

"மீசையை எடுத்துடுண்ணே."

"என்னடா, கிறுக்குப் பிடிச்சிடுச்சா?"

"வேர்க்குது. எடு."

சலூன்காரர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். மழித்து முடித்துப் படிகாரம் தடவும்போது, அந்த முகம் தெருவில் ஹாரன் அடித்துத் திரிந்த பையனுடையதாக இருந்தது. ஹாரன் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. "ட்யூட்டிக்கு நேரமாச்சு" என்று எழுந்து போனான். அவ்வளவுதான்.

மறுநாள் மாலை, கடையில் கூட்டமாக இருந்த நேரம். வெளிநாட்டு வானொலியின் செய்தியில் ஒரு குரல் தன் முழுப்பெயரையும் சொல்லிவிட்டுப் பேசியது. "நான் பிணவறை வண்டி ஓட்டுறவன். மிதிபட்டுச் செத்தவங்க உடம்புல ஓட்டை இருக்காதுங்க. நான் தூக்கி வெச்ச எல்லார் உடம்புலயும் இருந்துச்சு. அதுவும் முதுகுல."

பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தவர் அப்படியே சிலையாகிவிட்டார். சலூன்காரரின் கத்தி அந்தரத்தில் நின்றது. தையல்காரர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரல் வந்தபோது ஹாரன் நாட்டு எல்லையைத் தாண்டியிருந்தான்.

போனவன் போய்விட்டான், இருந்தவர்கள் அனுபவித்தார்கள். அதிகாரிகள் வந்து கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைக்குச் சீல் வைத்தார்கள். சலூன்காரர் ஒரு பையில் கத்தரிக்கோலையும் சீப்பையும் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் முடி வெட்டினார். தெரிந்தவர்களே சன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

கடையை மறுபடி திறக்கவிட்டபோது பெஞ்சில் ஒரே ஒரு வழக்குதான் ஓடியது. "சொன்னது நெஜம்தான், நான் இல்லேங்கல" என்பார் தையல்காரர். "ஆனா நின்னு சொல்லணும். மீசையை எடுத்துட்டு ஓடிப்போய்ச் சொன்னா அதுக்குப் பேர் என்ன?" வேறு யாராவது, "நின்னிருந்தா அவன் வண்டியிலயே அவனை ஏத்தியிருப்பாங்க" என்பார்கள். இரு தரப்பும் கண்ணாடி வழியாகச் சலூன்காரரைப் பார்க்கும். அவர் பின்கழுத்து முடியிலேயே கண்ணாக இருப்பார்.

உண்மையில் அவர் தையல்காரர் கட்சிதான். அதுவும் அம்மா இறந்தபோது, தம்பி இல்லாமல் பாடைக்குத் தனியாகத் தோள் கொடுத்த அன்று, அவர் மனம் கல்லாகிவிட்டது. தம்பியின் போன் வந்தால் மனைவியிடம் நீட்டிவிடுவார். "பேசுங்களேன், அவரும் உங்க கூடப் பொறந்தவர்தானே" என்று அவள் சொன்னால், "எனக்கு வேலை இருக்கு" என்று சுத்தமாக இருக்கும் தரையையே மறுபடி பெருக்குவார்.

ஒருநாள் ஆண்கள் மட்டுமே வரும் அந்தக் கடைக்குள் ஒரு பெண் வந்தாள். மில்லில் இறந்த ஒருவரின் மனைவி. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். அவள் உட்காரவில்லை.

"உங்க தம்பி அங்க சாப்பாட்டுக்கு என்னண்ணே பண்றாரு?"

சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். ஏதோ பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை என்று மனைவி சொன்னதாக ஞாபகம்.

"எங்க வீட்டுக்காரரை மூடிக் கட்டித்தான் கொடுத்தாங்க. தொறந்து பாக்க விடல. கால் தடுக்கி விழுந்து செத்தாருன்னு என் பொண்ணு பள்ளிக்கூடத்துல சொல்லிக்கிட்டிருந்தா. உங்க தம்பி பேசினப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது." பெஞ்சை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஓடிப்போனாருன்னு இங்க பேசிக்கிறாங்களாம். எங்களுக்கு இன்னொரு பொணம் வேணாம்ண்ணே. சாட்சி சொல்ல ஆள் வேணும். அவரை நல்லா இருக்கச் சொல்லுங்க."

அவள் போன பிறகு தையல்காரர் டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அந்த வாரம் போன் வந்தபோது சலூன்காரரே எடுத்தார். எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டார்: "ஏன்டா, பயந்துக்கிட்டுதான் ஓடினியா?"

"ஆமாண்ணே" என்றான் ஹாரன், கொஞ்சமும் யோசிக்காமல். "பயம்தான். அந்த ரேடியோக்காரங்க முன்னாடி பேசினப்பவும் காலெல்லாம் உதறுச்சு. ரெண்டுக்கும் ஒரே பயம்தாண்ணே. அம்மாகிட்டயாவது சொல்லிட்டு வந்திருக்கணும். சொன்னா போகவிட்டிருக்க மாட்டாங்க. அதுக்கும் பயம்."

சலூன்காரர் அழுதார். அந்தப் பக்கம் தம்பியும் அழுதிருக்க வேண்டும்.

ஆட்சி மாறி விசாரணை வைத்தார்கள். ஹாரன் அங்கிருந்தே திரையில் தோன்றிச் சாட்சி சொன்னான். சலூன்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். தம்பியின் முன்நெற்றி ஏறிப்போயிருந்தது. யாரோ கற்றுக்குட்டி வெட்டிய முடி, காதோரம் கோணல். வக்கீல் குறுக்கே குறுக்கே கேட்டும் அவன் சொன்னதையே சொன்னான். அது துப்பாக்கிச் சூடுதான் என்று தீர்ப்பு எழுதினார்கள். ஆனால் அரசு ரகசியத்தை வெளியிட்டதாக ஹாரன் மேல் போட்ட வழக்கை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அவன் ஊருக்கு வர முடியாது.

அதனால் இப்போது மதியங்களில் சலூன்காரர் போனைக் கண்ணாடி முன்னால் சாய்த்து வைத்துவிடுகிறார். ஹாரன் கேட்டதுதான். "நீ பேச வேணாம்ண்ணே, சும்மா வெச்சிரு. கடைச் சத்தம் கேட்டா போதும்." அங்கே அவன் பிஸ்கட் அடுக்குவான், இங்கே கத்தரிக்கோல் ஓடும்.

சென்ற மாதம் ஒருநாள், போன் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிக்காத தையல்காரர் பழைய வழக்கைக் கிளப்பினார். "என்ன இருந்தாலும் நின்னு பேசறவன்தான்..." என்று ஆரம்பித்ததும் போனிலிருந்து குரல் வந்தது. "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், மாஸ்டர்."

தையல்காரர் துள்ளி எழுந்துவிட்டார். கடையே சிரித்தது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு போன் பக்கம் குனிந்தார்.

"ஹாரனு! எப்படிடா இருக்க? அங்க ரொம்பக் குளிராமே. இடுப்பளவைச் சொல்லு, கனமா ஒரு பேன்ட் தைச்சு அனுப்பறேன்."

"பழைய அளவு இல்ல மாஸ்டர், பிஸ்கட் கம்பெனியாச்சே" என்றான் ஹாரன்.