தறி நின்ற மத்தியானத்தில் தட்டச்சுச் சத்தம்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நள்ளிரவு இல்லை, மழை இல்லை, சுடுகாட்டுப் பாதை இல்லை. பட்டப்பகல். போன ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சோமனூரில், என் வீட்டில்.

என் மனைவி கோமளா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. காய்ச்சல். நான்கே நாளில் முடிந்தது. எங்கள் மகள் தரணிக்கு இப்போது நான்கு வயது. அம்மா முகம் அவளுக்கு மறந்துவிடக் கூடாது. வேறு எதுவும் என்னைப் பெரிதாகத் தொடுவதில்லை. அந்தக் கவலை மட்டும் இருந்தது. தினமும் படுக்கும் முன் கோமளாவின் படத்தைக் காட்டுவேன். "இது ஆரு கண்ணு?" என்பேன். "அம்மா" என்று படத்துக்கு முத்தம் கொடுப்பாள். பிறகுதான் விளக்கை அணைப்பேன்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. மீதி நேரத்துக்குப் பழைய தட்டச்சு மெஷின்கள். ஏழு வைத்திருந்தேன். எல்லாம் ஏதேதோ ஆபீஸ்களில் உழைத்து ஓய்ந்தவை. ஒவ்வொன்றிலும் ஒரே பயிற்சி வரியை அடிப்பேன். எது கனமாக விழுகிறது, எது இழுக்கிறது, எதன் மணி கரகரக்கிறது என்று ஒப்பிடுவேன்.

கோமளாவை நான் பார்த்ததே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில்தான். பக்கத்து மெஷின். சின்ன வயதில் ஓவர்லாக் தையல் மெஷின் ஊசி ஏறி, அவளுடைய இடது சுண்டுவிரலில் பலம் இல்லாமல் போயிருந்தது. ஆங்கிலப் பயிற்சி வரியின் முதல் எழுத்து 'ஏ'. அது அந்த விரலுக்குரியது. அது மட்டும் மெல்ல விழும். டிக்... டக் டக் டக். பத்துப் பேர் அடிக்கும் அறையில், கண்ணை மூடிக்கொண்டே அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன்.

எட்டாவது மெஷினைக் காங்கேயத்தில் வாங்கினேன். மூடிப்போன ஒரு தேங்காயெண்ணெய் மில்லின் சாமான்களை எடுத்து விற்றுக்கொண்டிருந்தவர் பெயர் மகுடேஸ்வரன்.

"ஏனுங்க தம்பி, இதோட எட்டுங்கறீங்க. தாலுகா ஆபீஸ் ஏதாச்சும் தொறக்கறீங்களா?"

"சும்மாங்க. சத்தம் கேக்கறதுக்கு."

"சத்தந்தானுங்களா? எங்கூட்டுக்காரிய வேணா அனுப்பி வெக்கறனுங்க."

சிரித்தோம். அடித்துப் பார்க்க விரலை வைத்தேன். அவர் சிரிப்பு நின்றது.

"இங்க வேண்டாமுங்க. ஊட்டுக்குப் போயி அடிச்சுக்குங்க."

எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தம் ஓயாது. மாதம் ஒருநாள், பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது. அன்றுதான் மெஷின்களைக் காதால் ஒப்பிட முடியும். அந்தச் செவ்வாய்க்கு லீவு போட்டேன்.

புதியதைக் கடைசியாக எடுத்தேன். விசைகள் எல்லாம் நடுவில் தேய்ந்திருந்தன. 'ஏ' மட்டும் வலது ஓரத்தில் தேய்ந்திருந்தது. யாரோ பக்கவாட்டிலிருந்தே தொட்டுக்கொண்டிருந்த மாதிரி. விசித்திரம்தான். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சாப்பிட்டதும் தரணிக்குத் தூக்கம் வந்தது. மெஷின்கள் இருக்கும் அறையில்தான் காற்று வரும். அங்கேயே பாய் விரித்துப் படுக்க வைத்தேன். கதவைச் சாத்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

மணி இரண்டே கால்.

டக்.

குழாயை மூடினேன்.

டக் டக் டக்...

தரணி விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. நான்கு வயதுக் குழந்தையால் அந்த விசைகளை முழுதாக அழுத்த முடியாது. இது வேகம். பழகிய கை.

டிக்... டக் டக் டக்.

முதல் எழுத்து மட்டும் மெல்ல.

கோமளா.

நான் கதவைத் திறக்கவில்லை. திறந்தால் நின்றுவிடும். கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். அவள் போன பிறகு அன்றுதான் முதல்முறையாக அழுதேன். உள்ளே தரணி சிரித்தாள். அம்மாவும் மகளும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டேன்.

மெஷினின் மணி அடித்தது. உருளையைத் தள்ளும் சத்தம். அடுத்த வரி.

அப்போதுதான் உறைத்தது.

'ஏ' மெல்ல விழுந்தது. ஆனால் தாமதமாகவும் விழுந்தது. ஒவ்வொரு தடவையும். எங்கிருந்தோ எட்டித் தொடுவது போல.

கோமளா தாமதிக்க மாட்டாள்.

கதவிடுக்கில் ஒரு வாசம். சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெய்.

கோமளா தலைக்கு எண்ணெயே வைக்க மாட்டாள்.

தரணியின் சிரிப்பு நின்றது.

டக் டக் டக்...

"தரணி!"

நிசப்தம்.

கதவைத் தள்ளினேன்.

தரணி நாற்காலியில் இருந்தாள். நுனியில். பின்னால் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அவள் கை விசைகளுக்கு எட்டவில்லை. மெஷினில் காகிதம் இல்லை.

"ஆரு கண்ணு அடிச்சது?"

"அம்மா."

தூக்கினேன். கவுனின் முதுகுப் பக்கம் முழுதும் ஈரம். எண்ணெய்.

அன்று மாலையே மெஷினைக் காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு காங்கேயம் போனேன். மகுடேஸ்வரன் எதுவும் கேட்காமல் இறக்கினார். முன் சீட்டில் தூங்கும் தரணியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"உங்க ஊட்டுல புள்ள இருக்குதுன்னு சொல்லவே இல்லீங்களே..."

"இதுல அடிச்சுட்டிருந்தது ஆருங்க?"

"நல்லம்மாள்னு ஒருத்திங்க. மில்லு ஆபீஸ்ல இருந்துச்சு. மில்லு பெல்ட்டுப் பட்டையில மாட்டி இடது சுண்டுவெரலே போயிருச்சுங்க. பக்கத்து வெரல்ல எட்டித்தான் அந்த எழுத்த அடிக்கும்."

காரில் தூங்கும் தரணியைத் திரும்பிப் பார்த்தேன்.

"பொட்டப் புள்ள ஒண்ணு இருந்துச்சுங்க. எந்நேரமும் மடியில வெச்சுட்டேதான் அடிக்கும். நாலு வயசுல அந்தப் புள்ள எண்ணெய்த் தொட்டியில விழுந்து... அப்புறம் நல்லம்மாளும் ரொம்ப நாள் இருக்கலீங்க."

பணத்தைத் திருப்பி நீட்டினார். வாங்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும்போது தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தரணிக்கு வேறு உடுப்பு மாற்றினேன். பாய் விரித்தேன். கோமளாவின் படத்தை எடுத்தேன்.

"இது ஆரு கண்ணு?"

தரணி படத்தை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஆருங்கப்பா இது?"