எதிர் லென்ஸில் ஆவி

நம்பினால் நம்புங்கள். எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

அப்போது நான் நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு. மறுநாள் ஒட்டுண்ணிகள் செய்முறைத் தேர்வு. வெளியே மழை பிடித்துக்கொண்ட மதியம். ஆய்வகத்தில் நானும் என் தோழியும் மட்டும். வாயாடி என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். சாயம் ஏற்றிப் பழகுவதற்காக என் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்தேன். அவள் டீ வாங்கப் போனாள்.

அந்த மைக்ரோஸ்கோப்பில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கலாம். உள்ளே பச்சை அம்பு ஒன்று தெரியும். எதிரில் இருப்பவர் அதை நகர்த்திக் காட்டுவார்.

குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ஸ்டூல் இழுபட்டது. கிரீச்...

"அதுக்குள்ள வந்துட்டியா?"

அம்பு மட்டும் நகர்ந்தது.

ஒரு சிவப்பணுவின் மேல் நின்றது. அதற்குள் குட்டி மோதிரம் போல ஒன்று. மலேரியாக் கிருமி!

அடுத்த அணு. அதிலும் மோதிரம்.

அதற்கடுத்ததிலும்...

"ஏய்... இது என் ரத்தம்டி."

"காய்ச்சல் வரட்டும்னு இருக்காத. இன்னிக்கே போ."

வாயாடியின் குரல் இல்லை.

நிமிர்ந்தேன்.

யாருமில்லை.

எதிர் லென்ஸ் இரண்டிலும் மூச்சு பட்ட ஆவி... மெல்ல மறைந்தது.

வாயாடி டீயோடு வந்து பார்த்தாள். "ஒரு மண்ணும் இல்லடி. பரீட்சை பயம் உனக்கு." நானும் பார்த்தேன். ஒரு மோதிரம்கூட இல்லை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மருத்துவமனைக்கு ஓடினேன். முடிவு வந்ததும் டாக்டர் என்னையே பார்த்தார்.

"மலேரியாதான். ரொம்ப ஆரம்பம். காய்ச்சலே இல்லாம டெஸ்ட் எடுக்க எப்படிம்மா தோணுச்சு?"

"பரீட்சை பயம் டாக்டர்" என்று சமாளித்தேன்.

குணமாகி வந்ததும் எங்கள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து சாவியை எடுத்து, தன் அறை அலமாரியைத் திறந்தார். ஒரு பழைய ஸ்லைடை லென்ஸுக்கு அடியில் வைத்தார்.

அதே மோதிரங்கள். அதே அணுக்கள். அதே வரிசை.

"உனக்கு முன்னாடி படிச்ச பொண்ணோட ரத்தம். அவளே சாயம் போட்டா, அவளே பார்த்தா. சாயத் துணுக்குன்னு நெனச்சு விட்டுட்டா. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள..."

மேடம் ஸ்லைடை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார்.

"இதை நான் யாருக்கும் காட்டினதே இல்ல. இந்தப் பூட்டைத் திறந்தே நாலு வருஷம் ஆச்சு."