மூன்றாவது தசமம்

பி.எஸ்சி. படிக்கும்போது, சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா எனக்கு ஒரு கால்குலேட்டர் கொடுத்தார். புள்ளியியல் வகுப்பில் அதை வெளியே எடுத்ததுமே பேராசிரியர் வாங்கி வைத்துக்கொண்டார்.

"பரீட்சையில இதையா தூக்கிட்டு வருவ? லாக் டேபிள எடும்மா."

அன்றைய கணக்கு, வாடிப்பட்டி வயல்களின் நெல் விளைச்சலுக்குத் திட்டவிலக்கம் காண்பது. ஒவ்வோர் எண்ணையும் வர்க்கப்படுத்திக் கூட்டினேன். நடுவில் ஒன்று பிசகியதால் முதலிலிருந்து தொடங்கினேன். வியர்வையில் தாள் கையோடு ஒட்டியது. கடைசியில் லாக் டேபிளின் பொடி எழுத்துகளில் வர்க்கமூலத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

அவர் என் கால்குலேட்டரிலேயே தட்டிப் பார்த்துவிட்டுச் சிவப்பு மையால் அடித்தார். "மூணாவது தசமம் தப்பு."

"லாக் டேபிள்ல அம்புட்டுத்தான் சார் துல்லியமா வரும்."

"மெஷின் பொய் சொல்லுமா? திரும்பப் போடு."

திரும்பப் போட்டேன். அதே விடைதான் வந்தது. முதல் பெஞ்சில் இருந்த தோழி, அவர் கையிலிருந்த கால்குலேட்டரை எட்டிப் பார்த்திருந்தாள். "இத எழுதிக் குடுத்துட்டு வாடி, பசிக்குது" என்று ஓர் எண்ணைச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் காட்டினேன்.

"பாத்தியா, பொறுமையாப் போட்டா வருதுல்ல" என்றார் பேராசிரியர்.

அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.