கொஞ்சம் வெயில், சார்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். குற்றாலத்தில் புரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றே தென்காசியில் மூன்று மாடி எழுப்பியிருக்கிறேன். என்னைப் போல இன்னொருத்தன் இந்தப் பக்கம் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கிறேன். ஆனால் இங்கே எழுதப்போவது என்னைப் பற்றி இல்லை. என் கட்டடத்து மாடியில் வெளிநாடு போகிறவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற இலஞ்சி அனுசியாவைப் பற்றி.

அவள் புருஷன் வேல்ராஜ் வளைகுடாவுக்குக் கம்பி கட்டப் போனவன். தலை சுற்றுகிற வெயிலில், முடியுமா என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, "லிட்டில் ஹாட், சார்" என்று சிரித்திருக்கிறான். நம்மூர்ப் பழக்கம் அது. மேலே இருக்கிறவனிடம் எந்தக் கஷ்டத்தையும் 'கொஞ்சம்' போட்டுத்தான் சொல்லுவோம். உயிர் போகிற வலியும் நமக்குக் கொஞ்சம் வலிதான். அந்த ஊர்க்காரனுக்கு அது தெரியுமா? கொஞ்சம்தானே என்று வேலை வாங்கிவிட்டான். சுருண்டு விழுந்தவன் கிட்னி இரண்டும் போய்த் திரும்பி வந்தான். இப்போது டயாலிசிஸில் ஓடுகிறது.

அதனால் பாடப் புத்தகத்தைக் கண்டாலே அனுசியாவுக்கு ஆகாது. வெயிலுக்கென்று அதில் தனிப் பாடம். ஸ்கார்ச்சிங், சிஸ்லிங், ஸ்வெல்டரிங். ரோட்டில் முட்டை பொரிக்கலாம் போல வெயில் என்று ஒரு பேச்சு வேறு. கல்லில் முட்டை ஊற்றியே பிழைத்தவன் நான். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. வெயிலில் நிற்கிறவன் எவன் இப்படிப் பேசுவான்? ஏசி போட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறவன் பேசுவான்.

அவள் நடத்தியது வேறு. "ஐ ஆம் டிஸ்ஸி. டூ ஹாட். ஐ ஸ்டாப் நவ்." தலை சுற்றுகிறது, வெயில் தாங்கவில்லை, வேலையை நிறுத்துகிறேன், அவ்வளவுதான். 'லிட்டில்' என்று எவனாவது வாயைத் திறந்தால் டஸ்டர் பறக்கும்.

ஒருநாள் ஆள் எடுக்க ஏஜெண்டு வந்தான். நானும் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். என் கட்டடம், யார் கேட்பது? மாடியை வாடகைக்கு எடுத்து அந்த இங்கிலீஷ் சென்டரை நடத்திய செந்தில்வேல், புத்தகத்தில் உள்ளதை மட்டும் பேச வைக்கவேண்டும் என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தான்.

ஏஜெண்டு ஆய்க்குடி இசக்கியை எழுப்பி, அங்கே கடும் வெயில், வேலை பார்ப்பாயா என்று இங்கிலீஷில் கேட்டான்.

இசக்கி பல்லைக் காட்டினான். "லிட்டில் ஹாட். நோ பிராப்ளம் சார்."

"ஏலே, நான் என்ன சொல்லிக் குடுத்தேன்?" என்று எழுந்தாள் அனுசியா. "இன்னொருக்க சொல்லு."

"டீச்சர், சும்மா இருங்க," என்றான் செந்தில்வேல். "வந்தவங்க முன்னால ஆளப் பயமுறுத்துதியளா?"

"நீங்க அந்த வெயில்ல ஒருநாளு நின்னுருக்கியளா? புஸ்தகம் எழுதுனவன் நின்னானா? சொல்லுலே இசக்கி."

அவன் தரையைப் பார்த்தபடி, "டூ ஹாட்டுன்னா... ஐ ஸ்டாப், சார்," என்றான். ஏஜெண்டு அவனை வேண்டாமென்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

படியில் வைத்து இசக்கி அவளைப் பிடித்துக்கொண்டான். "காத்துக்கெடந்து வந்த விசா, டீச்சர். ஒங்க வீட்டுக்காரருக்கு இப்படி ஆச்சுன்னா எங்க பொழப்பையுமா கெடுக்கணும்?"

"கெடுக்கத்தாம் செய்வேன். உசுரோட நின்னு ஏசுதல்லா, நல்லா ஏசு."

செந்தில்வேல் அவளை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றான். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

"ஏ தம்பி, டீச்சர் நாளைக்கும் வருவா. நீ வாரியாங்கதுதான் சந்தேகம்."

"அண்ணாச்சி, இது எங்க சென்டர் விசயம்."

"சென்டர் ஒனக்கு. மாடி எனக்கு. எறங்கு."

போர்டைக் கழற்ற வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தேன். இப்போது அவளே நடத்துகிறாள். எந்த ஏஜெண்டும் ஆள் அனுப்புவதில்லை. மானங்கெட்டவர்கள்.

இசக்கி வேறு ஏஜெண்டைப் பிடித்து வளைகுடாவுக்குப் போய்விட்டான். அவளிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. இந்த ஆடியில், இங்கே சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவள் போனில் அவன் கூப்பிட்டான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"டீச்சர், சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டேன். லிட்டில் போடல. நெழல்ல ஒக்கார வச்சிருக்கான். அரைநாள் சம்பளம் கெடையாதாம்."

"தண்ணியக் குடிலே, மூதி," என்றாள் அனுசியா. "சம்பளத்தப் பொறவு பாப்போம்."