பஷீர் எழுதிய வரி எது?

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பறையில், முன்பதிவுத் திரை ஏன் அசையாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பஷீரின் மைத்துனர் அழைத்தார். "அண்ணே, மச்சான் மௌத்தாயிட்டாக" என்றார். முந்தின நாள் மாலைகூட என்னோடு போனில் வம்பளந்தவன் இறந்துபோயிருந்தான். அவன் ஊரான கீழக்கரைக்குப் பஸ் ஏறிய பிறகுதான், வேலையைப் பாதியில் விட்டுவந்தது உறைத்தது. அவன் இருந்திருந்தால் திட்டியிருப்பான்.

அவனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள், அவனை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் யாரும் இருக்க முடியாது. அதிகம் வாங்கியவன் நான். ராமநாதபுரத்தில் நாங்கள் இருவரும் கூட்டாக ஒரு கம்ப்யூட்டர் கடை நடத்தினோம். லாட்ஜ்களுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது தொழில். நான் அடைப்புக்குறியைத் தனி வரியில் போடுவேன். அவனுக்கு அது முந்தைய வரியின் கடைசியிலேயே வர வேண்டும். நான் எழுதியதை அவன் மாற்றுவான், நான் திரும்ப மாற்றுவேன். இப்போது சிரிப்பாக இருக்கிறது. அந்தக் கிறுக்குத்தனத்தில் பேச்சே நின்று, கடையைப் பிரித்துக்கொள்ளலாம் என்கிற வரைக்கும் போய்விட்டோம்.

ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் என் வரிகள் என்னுடையவையாக இல்லை. அவன் வரிகளும் அவனுடையவையாக இல்லை. இருவர் எழுதியதையும் ஒன்றாகச் சேர்க்க நாங்கள் ஒரு சின்னப் புரோகிராம் வைத்திருந்தோம். அதற்கு உள்ளேயே ஃபார்மேட்டரைக் கூப்பிடும்படி செய்துவிட்டான். வரிகளை ஒரே ஒழுங்கில் அடுக்கித் தரும் கருவி அது. தனியாக ஓட்டச் சொன்னால் நான் ஓட்டமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். இனிமேல் சேர்த்தாலே அதுவாக ஓடும். அடுக்கியது என் பாணியும் இல்லை, அவன் பாணியும் இல்லை.

"ஒனக்கும் வேணாம் எனக்கும் வேணாம் மாப்ள. அது போடுறபடி போட்டுட்டுப் போகட்டும். வா, டீ குடிப்போம்" என்றான். குடித்தோம்.

அடைப்புக்குறியை மூட மறந்தால் கருவி அடுக்க மறுத்து, சேர்ப்பதும் நின்றுவிடும். உடனே பக்கத்து நாற்காலியிலிருந்து, "மொதலாளி மறந்துட்டாக" என்று குரல் வரும். எரிச்சலாக இருக்கும். ஆனாலும் நிம்மதியான வருஷங்கள் அவை. கடையைப் பிரிக்கும் பேச்சு அப்புறம் வரவே இல்லை.

போன வாரம் அவன் மகள் ஷிஃபா கடைக்கு வந்தாள். கல்லூரியில் கம்ப்யூட்டர்தான் படிக்கிறாள். வாப்பா எழுதியதைப் பார்க்க வேண்டும் என்றாள். திறந்து காட்டினேன். எல்லா வரியும் ஒரே மாதிரி நின்றது. இருவரும் கடைப் பெயரிலேயே சேமித்துவந்ததால், எது யார் எழுதியது என்கிற பதிவும் கிடையாது. இத்தனை காலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான், எனக்கே அவன் கை எதுவென்று தெரியவில்லை.

"எது வாப்பாவோடதுன்னு சொல்ல முடியாதா மாமா?" என்றாள்.

பிறகு அவளே பக்கங்களை நகர்த்திக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். பின்னால் படிக்கப்போகிற ஆளுக்காக நடுவில் எழுதிவைக்கும் குறிப்பு அது. கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, ஃபார்மேட்டரும் அதன் வார்த்தைகளைத் தொடாது.

"மாப்ள, இங்கன கை வைக்காத. வைக்கிறதுக்கு முன்னாடி எனக்கொரு போன் போடு."

ஷிஃபா சிரித்தாள், அப்புறம் அழுதாள். நானும்தான்.

பஷீருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் குறிப்புதான். அதை அழிக்கமாட்டேன். நேற்று அந்த இடத்தில் ஒரு திருத்தம் செய்ய வேண்டி வந்தது. ஷிஃபாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் கை வைத்தேன்.