அன்று டி.சி.யில் கையெழுத்து விழவில்லை

சபையாருக்கு முன்னால் என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளையின் படிப்பு என் வாயால் நின்றுபோக இருந்தது.

நான் கொல்லிமலையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. சொந்த ஊர் கீழே, சமவெளியில். மலைக்கு மாற்றலாகி வந்த இரண்டாவது வருடம் நடந்தது இது. என் வகுப்பில் பொன்னி என்றொரு மாணவி. மலையிலேயே இன்னொரு பகுதியான வளப்பூர் நாட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். மிளகுக்கொடி வாடும் நோயைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருந்தேன். அவள் புத்தகத்தைப் பார்க்காமல் தன் தோட்டத்தைப் பார்த்து எழுதியிருந்தாள். ஏகப்பட்ட எழுத்துப் பிழை. நான் இரண்டு வரிக்கு மேல் படிக்கவில்லை. பக்கத்தைக் குறுக்காக அடித்தேன். "இப்படி எழுதறதுக்கு நீ காலேஜுக்கே வர வேண்டியதில்ல" என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. மில் வேலைக்குப் போகப்போகிறாள் என்று அவள் தோழி சொன்னாள். "நீங்க சொன்னதையே சொல்லிச் சொல்லி அழுதாளுங்க மேடம்."

அன்று மாலை, அவள் மேசையில் விட்டுப்போன நோட்டை முழுதாகப் படித்தேன். எந்த மழைக்குப் பிறகு எந்தக் கொடி வாடியது, தண்ணீர் தேங்கும் இடத்திலிருந்து நோய் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று மாதக்கணக்கில் கவனித்துக் குறித்திருந்தாள். முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, என் நாக்கு செய்ததற்கு அந்தப் பிள்ளை தண்டனை அனுபவிக்க வேண்டாம். அவளோடு பேச ஒரு வாய்ப்புத் தாரும்." வேறு வார்த்தை வரவில்லை.

மறுநாள் காலையிலேயே அவளும் அவள் அப்பாவும் டி.சி. வாங்க வந்து நின்றார்கள். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்கன்னா பதினோரு மணி பஸ்ஸுக்குப் போயிருவோமுங்க" என்றார் அவர்.

ஆனால் கையெழுத்துப் போட முதல்வர் இல்லை. அவர் தினமும் கீழேயிருந்து வருபவர். மலைப்பாதையில் மரம் விழுந்து ரோடு அடைத்துவிட்டது, வந்து சேர மதியம் மூன்று மணி ஆகும் என்று போன் வந்தது. அந்த நேரத்தை எனக்குக் கொடுத்தவர் யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவின் எதிரிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நோட்டைத் திறந்தேன். 'நல்லாயிருக்கு' என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. பக்கம் பக்கமாகப் போனேன். "இந்தக் கவனிப்பு புத்தகத்துல இல்ல, நீ கண்டது. இங்க தேதி போடல. போட்டா யாரும் மறுக்க முடியாது." எழுத்துப் பிழைகளையும் காட்டினேன்.

அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "ஓடையோரம் இருந்த கொடியும் போன வாரம் வாடிருச்சுங்க மேடம். அத இன்னும் எழுதலீங்க" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். "ஏனுங்க, இவ எழுதுனது சரிதானுங்களா?"

"சரிதாங்க. எனக்கே தெரியாதது இதுல இருக்குதுங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அதையும் எழுதிக் குடுத்துட்டு வா சாமி. நான் ஊட்டுக்குப் போறேன்."

முதல்வர் வந்தபோது கையெழுத்துப் போட ஒன்றும் இருக்கவில்லை.

அந்தக் கட்டுரையைப் பொன்னி துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தாள். முடித்தபோது பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இப்போது கடைசி வருடம் படிக்கிறாள். முதல் மதிப்பெண் வாங்குகிறவள் அல்ல. ஆனால் கேள்வி கேட்க முதலில் எழுவது அவள்தான்.

மாறியது நான். இப்போது எந்தப் பிள்ளையின் தாளையும் கடைசி வரி வரை படிக்காமல் ஒன்றும் சொல்வதில்லை. சரியாக இருப்பதை முதலில் எழுதுகிறேன். திருத்த வேண்டியதைப் பிறகு, தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறேன். இன்றும் கோபம் வருகிறது. வரும்போது வாயை மூடிக்கொண்டு ஜெபிக்கிறேன்.

உங்கள் வார்த்தையால் நொறுங்கிய ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். காலம் கடந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். ஒரு வாய்ப்புக்காக ஆண்டவரிடம் கேளுங்கள். கிடைத்ததும் முதலில் மன்னிப்புக் கேளுங்கள். மற்றதை அவர் நடத்துவார். எனக்கு நடத்தினார்.